மிட்வைஃப் மிஸ்ஸா, மைதானமா, பக்கத்துக் காம்பரா அக்காவா?

எங்கள் தேயிலைத் தோட்டத்து மரணாதார சங்கத்தின் கையிருப்பில் இந்த வருஷம் 60,000 ரூபாய் மிஞ்சியிருக்கிறது. அதில் பாதிக்கு மேல், கொழும்பில் கடை வைத்திருக்கும் மேல் லயத்து (லயம் என்றால் எங்கள் வரிசை வீடுகள், அதில் ஓர் அறை காம்பரா) அண்ணன் தம்பி இருவர் தகப்பனார் நினைவாகக் கொடுத்தது. கொடுக்கும்போது சும்மா கொடுக்கவில்லை. "பெட்டி வாங்க, பந்தல் போட, சாப்பாடு போடன்னு சங்கம் நல்லாத்தான் நடக்குது. ஆனா ஆள் செத்த பொறகுதான் எட்டிப் பாக்குது. உசுரோட இருக்கிறப்பவும் ஏதாச்சும் செய்யுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் சங்கத்தின் செயலாளர். பக்கத்துப் பாடசாலையில் கணக்குப் பாடம் எடுக்கிறவன். அன்றிரவு சங்கத்துப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். மரணக் காரணம் எழுதும் கட்டத்தில் பழைய பக்கங்களில் காய்ச்சல், பிரசவம், வயிற்றோட்டம் என்று இருக்கிறது. பிந்திய பக்கங்களில் பிரஷர், சீனி (நீரிழிவு), வாதம் (பக்கவாதம்), மாரடைப்பு என்று அதே நான்கு சொற்கள் மாறி மாறி வருகின்றன. எங்கள் தோட்டத்துக்கு மட்டும் வந்த வினை இல்லை இது. இலங்கையில் பத்து மரணங்கள் நடந்தால் அவற்றில் எட்டு தொற்றா நோய்களால்தான் நடக்கின்றன.

கூட்டத்தில் உப்பு, சாராயம், வெற்றிலைப் புகையிலை எல்லாம் பேசினோம். கடைசியில் உடல் அசைவு என்ற இடத்தில் வந்து நின்றோம். மருந்து வாங்க வேண்டியதில்லை, கடையை மூடச் சொல்லி யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. ஆனால் அதை யாரை வைத்து நடத்துவது என்று கேட்டதும் ஆறு பேருக்கு ஆறு கருத்து. வரும் ஞாயிறு கைதூக்கி முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்து எழுதி வைக்கிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு தோட்டத்துக்காரருக்கும் உதவும்.

கணக்கப்பிள்ளையின் சிரிப்பு

பேச்சு எழுந்ததுமே ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை (மலையில் வேலையை மேற்பார்ப்பவர்) ஒருவர் சிரித்துவிட்டார். "விடிஞ்சா மலையேறி, பொழுது சாஞ்சா எறங்கி வர்ற சனத்துக்கு எக்சசைஸா? நல்லா இருக்கு மாஸ்டர்!" கூட்டமே சிரித்தது, நானும்தான். பிறகு யோசித்தால், அந்தக் கேலிக்குப் பதில் சொல்லாமல் ஒரு ரூபாயும் செலவழிக்கக் கூடாது என்று பட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான அசைவு போதும் என்கிறது. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி. 65 வயது தாண்டியவர்களுக்கு விழாமல் நிற்கும் பயிற்சியும் வாரத்தில் மூன்று நாள். கொழுந்தெடுக்கும் ஒருத்தி அந்த 300 நிமிஷத்தைச் செவ்வாய்க்கிழமைக்குள்ளேயே முடித்துவிடுவாள். அப்படியானால் அவள் இதயம் இரும்பு மாதிரி இருக்க வேண்டுமே?

இருப்பதில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் அதிகம் உடம்பை அசைத்தவர்களுக்கு இதய நோய் குறைந்தது; வேலையில் அதிகம் அசைத்தவர்களுக்கு அது கூடியது. ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லும் காரணம் எங்கள் சனத்துக்குச் சொல்லாமலே தெரிந்தது. விருப்பத்துக்கு நடப்பவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்க நடந்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். வேலையில் இருப்பவள் நாள் முழுக்க ஒரே குனிவில், முதுகில் பாரத்தோடு, ஆறுதல் எடுக்க நேரமில்லாமல் நிற்கிறாள். அவள் இதயத் துடிப்பும் பிரஷரும் இறங்கவே சந்தர்ப்பம் கிடைப்பதில்லை. டென்மார்க்குத் தொழிலாளியும் மஸ்கெலியாத் தொழிலாளியும் ஒன்றல்லதான். ஆனாலும் கொழுந்து நிரையில் நின்ற எவரும் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள்.

ஆக, மலைக்குப் போகிற பெண்ணைக் கூப்பிட்டு "இன்னும் நட" என்று சொல்வது அபத்தம். 2016ஆம் ஆண்டு குடித்தொகை சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டப் பகுதியில் கிட்டத்தட்ட 32 சதவீதம். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் ஒரு ரொட்டியும் சாயத்தண்ணியும் குடித்துவிட்டு மலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது முதுகுக்கும் தோளுக்கும் ஆறுதல், நல்ல சாப்பாடு, கொஞ்சம் தூக்கம்.

ஆனால் லயத்தில் இப்போது எல்லோரும் மலைக்குப் போகிறார்களா? இங்கேதான் கணக்கப்பிள்ளையின் கணக்கு பிழையாகிறது. என் அம்மா முப்பத்தைந்து வருஷம் கொழுந்தெடுத்தவர். பேர் வெட்டி (வேலையிலிருந்து நின்று) சேமலாப நிதிப் பணம் கையில் வந்த அன்றோடு அவர் கால் நின்றுவிட்டது. அதற்கு முன் தினமும் லயத்திலிருந்து பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), அங்கிருந்து மலை, மடுவம் (கொழுந்து நிறுக்கும் இடம்), திரும்ப மலை. அதற்குப் பிறகு அடுப்படி, இஸ்தோப்பு (முன் திண்ணை), டிவி. சாப்பாடு மட்டும் குறையவில்லை. மலைக்குப் போன காலத்து அளவிலேயே மூன்று ரொட்டி, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி. நான்கு வருஷத்தில் சீனி வருத்தம், முழங்கால் வலி. கோயிலுக்குப் போகும் படியில் இப்போது இரண்டு இடத்தில் உட்காருகிறார். நாற்பது றாத்தல் கொழுந்தைச் சுமந்துகொண்டு ஏறிய அதே படி.

அம்மா மாதிரி எங்கள் லயங்களில் எத்தனை பேர்? பேர் வெட்டியவர்கள், பேரப்பிள்ளை பார்க்க வீட்டோடு நின்றுவிட்டவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வாச்சர்மார், கொழும்பிலிருந்து திரும்பி வந்து வேலையில்லாமல் இருக்கும் பையன்கள். இவர்களுக்குத்தான் முதலில் அசைவு வேண்டும். மலைக்குப் போகிறவர்களுக்கு வேண்டியது வேறு. எந்த வழி என்று பார்க்கும்போது இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே தராசில் போடக் கூடாது.

மிட்வைஃப் மிஸ்

முதல் யோசனை எல்லோருக்கும் ஒன்றாகவே வந்தது: மிட்வைஃப் மிஸ்ஸிடம் கொடுத்துவிடுவோம். குடும்பநல உத்தியோகத்தர் என்று கடதாசியில் எழுதினாலும் லயத்தில் அவர் மிட்வைஃப் மிஸ்தான். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து இந்த நாட்டில் வீட்டு வாசலுக்கு வரும் சுகாதாரம் என்றால் அது மிட்வைஃப்தான். கர்ப்பிணியைப் பதிவார், பிள்ளையை நிறுப்பார், ஊசி போட்ட அட்டையைப் பார்ப்பார். அவர் சொன்னால் மாமியார்கள்கூடக் கேட்பார்கள்.

இந்த வழிக்கு ஆதாரமும் பலமாக இருக்கிறது. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில் 2645 பிரஷர்காரரை வைத்து இரண்டு வருஷம் ஓர் ஆய்வு நடந்து 2020இல் முடிவு வெளிவந்தது. அரசாங்கத்தின் சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய்ப் பிரஷர் பார்த்தார்கள். சாப்பாடு, உடல் அசைவு பற்றிப் பேசினார்கள். அளவு மீறியவர்களை டொக்டரிடம் அனுப்பினார்கள். இலங்கையில் அந்தப் பணியைச் செய்தவர்கள் மிட்வைஃப்மார்தான். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களின் மேல் பிரஷர் சராசரியாக 5 புள்ளி கூடுதலாக இறங்கியது. கேட்கச் சின்ன எண். ஆனால் ஒரு ஊரே 5 புள்ளி இறங்கினால் வாதமும் மாரடைப்பும் கண்ணில் தெரியும் அளவுக்குக் குறையும். டொக்டர்மாருக்கும் பயிற்சி கொடுத்து மருந்து வழியையும் சீராக்கித்தான் அந்தப் பலன் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாயால் "நட நட" என்று சொன்னதற்கு மட்டும் கிடைத்த பரிசில்லை அது.

ஆனால் எங்கள் மிஸ்ஸைப் பாருங்கள். ஒரு மிட்வைஃபுக்கு ஏறத்தாழ 3000 பேர் என்பது கணக்கு. அந்த 3000 பேரும் ஒரு தெருவில் இருந்தால் பரவாயில்லை. இங்கே இரண்டு மூன்று டிவிஷன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மலை, ஒரு ஆறு, பஸ் வராத பாதை. கிளினிக் நாள், வீட்டுத் தரிசிப்பு, பதிவுப் புத்தகம், மாதக் கூட்டம். பல தோட்டங்களில் மிஸ்ஸுக்குத் தமிழ் சரளமாக வராது என்ற சங்கடம் வேறு. எங்கள் மிஸ் நன்றாகக் கற்றுக்கொண்டார், அது எங்கள் அதிர்ஷ்டம். அவரிடம் போய்ச் சொன்னபோது மறுக்கவில்லை. பையைத் திறந்து அன்றைய வேலைப் பட்டியலைக் காட்டினார். பார்த்துவிட்டு நானே கூச்சப்பட்டுத் திரும்பினேன்.

இன்னொன்றும் உண்டு. மிட்வைஃபை நாடி வருவது கர்ப்பிணிகளும் கைப்பிள்ளைக்காரிகளும். என் அம்மாவுக்கோ வாச்சர் மாமாவுக்கோ அவரோடு பேச்சுவார்த்தையே இல்லை. மாதம் ஒரு தடவை வந்து பிரஷர் பார்த்து, யாரை டொக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்வது அவரால் முடியும். வாரம் மூன்று மாலை ஆட்களைத் திரட்டி நடக்க வைப்பது முடியாது. அதை அவர் தலையில் கட்டினால் பிள்ளை நிறுக்கும் வேலையில்தான் கைவைப்போம்.

டிஸ்பென்சரி, வீடியோ

டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுக்கச் சொல்லலாம் என்றார் ஒருவர். அங்கே வரிசையில் நிற்கும் ஐம்பது பேருக்கும் "உப்பக் குறைங்க, நடங்க" என்று ஏற்கெனவே சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அரசாங்கம் 2011இலிருந்து நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயது கடந்தவர்களுக்கு இலவசமாகச் சீனி, பிரஷர், எடை பார்ப்பார்கள். நல்ல ஏற்பாடு, கட்டாயம் போக வேண்டும். ஆனால் திறந்திருப்பது வேலை நாளில், வேலை நேரத்தில். போனால் அன்றைய பேர் (நாட்கூலி) போய்விடும். எங்கே பிழை என்று கண்டுபிடிக்கும் இடம் அது. கூட நடந்து வரும் ஆள் அங்கே கிடைக்க மாட்டார்.

வட்ஸ்அப் குழுவில் வீடியோ அனுப்பலாம் என்பது இளைஞர்களின் யோசனை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் இருக்கும்போது எந்த இடத்தில் கையைக் காலை நீட்டுவது? இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

நான் விரும்பிய மைதானம்

ஒத்துக்கொள்கிறேன், என் மனசு முதலில் இதில்தான் இருந்தது. தோட்டத்து மைதானத்தைச் சரி பண்ணி, கரப்பந்து வலை கட்டி, இரண்டு விளக்குப் போட்டால் லயமே வந்து நிற்கும் என்று கற்பனை செய்தேன். கரப்பந்து இந்த நாட்டின் தேசிய விளையாட்டு வேறு. விளையாட்டுக் கழகம் இருக்கிறது, ஆள்பலம் இருக்கிறது, பெயர்ப்பலகை வைத்துப் படம் எடுக்கவும் வசதி.

ஒரு வாரம் மாலை வேளையில் மைதான ஓரத்தில் உட்கார்ந்து எண்ணினேன். விளையாட வந்தவர்கள் பதினான்கு முதல் இருபத்தெட்டு வயதுப் பையன்கள். ஒரு பெண்கூட இல்லை. வயதானவர் ஒருவர் வந்தார், மாட்டைத் தேடிக்கொண்டு. அந்தப் பையன்கள் வலை இல்லாவிட்டாலும் கயிறு கட்டி விளையாடத்தான் போகிறார்கள். வேலையில்லாமல் திரும்பி வந்தவர்களில் நாலைந்து பேரையும் கழகத்துப் பையன்களே இழுத்து வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஓடுகிறவனுக்குக் காசு கொடுத்து ஓடச் சொல்வதற்கு என் அம்மாவின் முழங்கால் என்ன செய்யும்?

மழையை வேறு மறந்துவிட்டேன். எங்கள் மேற்குச் சரிவில் மே மாதம் பிடிக்கும் மழை செப்டெம்பர் வரை விடாது, மைதானம் வயலாகிவிடும். பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கத்தவருக்கு அந்த மாதங்கள் காற்றும் வெயிலும். அவர்களுக்கு மழை வருஷக் கடைசியில். ஆக அந்த ஊவாப் பக்கத்தில் மைதானத் திட்டம் எங்களைவிடக் கொஞ்சம் தேறும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டில் எத்தனை சரிவுகளைக் கொண்டுபோனது என்று பார்த்த பிறகு, மண்வெட்டி வைத்து மேட்டைக் குடையும் எந்த யோசனைக்கும் நான் கைதூக்க மாட்டேன்.

பெரட்டுக்களத்தில் பத்து நிமிஷம்

இது தோட்டத்து இளம் ஃபீல்ட் ஆபிசரின் யோசனை. காலையில் பெரட்டு முடிந்ததும் எல்லோரும் வரிசையாக நிற்கும்போதே தோளைச் சுற்றி, முதுகை நிமிர்த்தி, கணுக்காலை உதறிப் பத்து நிமிஷம் பயிற்சி. செலவே இல்லை. மலைக்குப் போகும் அத்தனை பேரும் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கே மட்டும்தான். நான் மேலே சொன்ன இரண்டாவது கூட்டத்துக்கு இதுவே சரியான வழி என்பேன். நாள் முழுக்கக் குனியப் போகும் முதுகைச் சூடாக்கிவிட்டு அனுப்புவது நல்ல காரியம்.

ஆனால் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: "அந்தப் பத்து நிமிஷம் யாரு கணக்குல? எங்க கணக்குலயா, தோட்டத்துக் கணக்குலயா?" ஃபீல்ட் ஆபிசருக்குப் பதில் வரவில்லை. காலை நாலரைக்கு எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் (குழந்தைக் காப்பகத்தில்) விட்டு ஓடி வருகிறவளிடம் இன்னும் பத்து நிமிஷம் முன்னால் வரச் சொன்னால் அது பயிற்சியா, கூடுதல் வேலையா? பின்னால் இருந்து இன்னொரு குரல்: "கை நல்லா ஓடுனா நாலு கிலோ கூட எடுப்போம்ல, அதுக்குத்தான்." சிரிப்பு. அந்தச் சந்தேகம் நூற்றைம்பது வருஷத்தில் ஊறியது, ஒரு கூட்டத்தில் போகாது. பத்து நிமிஷத்தை வேலை நேரத்துக்குள் எடுத்துக்கொள்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்தால் மறுநாளே தொடங்கலாம். அது சங்கம் காசு போட வேண்டிய இடமில்லை, தொழிற்சங்கம் பேச வேண்டிய இடம்.

பக்கத்துக் காம்பரா அக்கா

கடைசி யோசனை: லயத்துக்குள்ளேயே ஒருவரைத் தெரிந்தெடுத்து, கொஞ்சம் பயிற்சி கொடுத்து, வாரம் மூன்று மாலை ஆட்களைக் கூட்ட வைப்பது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலில் மருந்து கொடுக்கப் போகிறவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள்தான். எங்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கேரளத்தில் இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், சீனி வரும் அபாயம் உள்ள 1007 பேரை வைத்து இரண்டு வருஷம் குழு நடத்தினார்கள். நடத்தியவர்கள் குழுவுக்குள்ளிருந்தே தெரிவான அக்கம்பக்கத்தவர்கள்.

முடிவு 2018இல் வெளிவந்தது. புதிதாகச் சீனி வந்தவர்கள் குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவீதம், இல்லாதவர்களில் 17.1 சதவீதம். கணக்குப் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். ஆக, பக்கத்து வீட்டு அக்கா வந்தால் சீனி ஓடிவிடும் என்று யாரும் சத்தியம் பண்ண வேண்டாம். ஆனால் அந்தக் குழுக்காரர்கள் குடியைக் குறைத்தார்கள், காய்கறி பழம் கூட்டினார்கள், உடம்பால் வேலை செய்ய முடிகிறது என்று சொன்ன அளவு கூடியது. எங்கள் சங்கத்தின் கைக்கு எட்டும் பலன் அந்த மூன்றாவதுதான். அம்மா கோயில் படியில் உட்காராமல் ஏற வேண்டும்.

இந்த வழியின் பலம் எங்கே என்றால், ஆள் இல்லாத மாலையில் அவர் இருக்கிறார். மழை விட்ட அரை மணி நேரத்தை மிட்வைஃபால் பிடிக்க முடியாது, பக்கத்துக் காம்பராவால் முடியும். வெட்கமும் ஒரு காரணம். வெள்ளைச் சப்பாத்துப் போட்ட இளம் பயிற்சியாளர் முன்னால் என் அம்மா கையைத் தூக்க மாட்டார். கூடவே நிரை பிடித்த ஒருத்தி "ஏ, எந்திரிச்சு வா, இஸ்தோப்புல உக்காந்து வேர் விட்ருச்சா?" என்று கேட்டால் எழுந்துவிடுவார்.

யார் அந்த ஒருத்தி என்பதில் எங்களுக்குள் இன்னும் இழுபறி. ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண்பிள்ளைகளில் ஒருவர் என்றார்கள் சிலர். எழுதப் படிக்கத் தெரியும், சுறுசுறுப்பு. ஆனால் ஆறு மாதத்தில் கொழும்புக்கோ கல்யாணத்துக்கோ போய்விடுவார். பயிற்சியும் கூடவே போகும். என் கை பேர் வெட்டிய கொழுந்துக்காரி ஒருவருக்குத்தான் உயரும். லயத்தை விட்டு எங்கும் போகமாட்டார், அவருக்கே அந்த நடை வேண்டும், அவர் சொல்லை யாரும் தட்டமாட்டார்கள். புத்தகம் எழுத ஒரு பெண்பிள்ளையைத் துணைக்கு வைக்கலாம். பிள்ளை போனால் இன்னொரு பிள்ளை.

பலவீனம் இல்லாமலா? முதலாவது, லயத்துக்குள்ளே ஆள் என்றால் லயத்துச் சண்டையும் கூடவே வரும். மேல் லயத்துக்காரி கூப்பிட்டால் கீழ் லயம் வராது. ஆகவே இரண்டு இடத்தில் மாறி மாறி நடத்த வேண்டும், அல்லது இருவருக்கும் பொதுவான பிள்ளைக்காம்பராவில். இரண்டாவது, அவருக்கு மருத்துவம் தெரியாது. மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்த சீனிக்காரருக்குக் கைநடுங்கி வியர்த்தால் உடனே சீனித் தண்ணீர், நெஞ்சு இறுக்கினால் அந்த இடத்திலேயே நிறுத்து, ஆட்டோவைக் கூப்பிடு என்று நாலைந்து விஷயமாவது மனப்பாடமாக இருக்க வேண்டும். அதை மிட்வைஃப் மிஸ் ஒரு நாளில் சொல்லிக் கொடுத்துவிடுவார். இன்னொன்று எங்கள் மண்ணுக்கே உரியது: காலில் உணர்வு குறைந்த சீனிக்காரருக்கு அட்டை கடித்ததே தெரியாது. வெறுங்காலோடோ செருப்போடோ புல்லில் நடக்கவிடக் கூடாது. நடந்து வந்ததும் கால் விரலிடுக்கைப் பார்ப்பது பயிற்சியின் ஒரு பகுதி. மாலை இருட்டிய பிறகு தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையும் வேண்டாம். நோர்வூட், டிக்கோயாப் பக்கம் சிறுத்தை நடமாடுவது எல்லோருக்கும் தெரிந்தது. பகலில் குளவிக் கூடு எங்கே தொங்குகிறது என்று வாச்சர் மாமாவைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பயிற்சிக்கு ஒரு சாமானும் வேண்டியதில்லை. வாங்கில் (பெஞ்சில்) உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, முப்பது செக்கனில் எத்தனை தடவை என்று எண்ணி எழுதுவது. முதல் மாதத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் வித்தியாசம் அதிலேயே தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லீற்றர் போத்தலைத் தூக்கி இறக்குவது. பிறகு பத்து நிமிஷம் கும்மி. அம்மா தலைமுறைக்குக் கும்மி தெரியாதவர் உண்டா? வேகம் சரியா என்று பார்க்க மிஷின் வேண்டாம்: பேச முடிய வேண்டும், பாட்டை இழுத்துப் பாட மூச்சுப் போதாமல் வர வேண்டும். பாட்டை ஒருவர் பாடி மற்றவர்கள் கும்மியடித்தால் பாடுகிறவருக்குத்தான் திண்டாட்டம், அதனால் முறை போட்டுப் பாட வேண்டியதுதான்.

மழை விட்ட நாளில் தார்ப் பாதையில் இரண்டு வளைவு நடை. இறங்கி ஏறுவதா, ஏறி இறங்குவதா என்று கேட்பீர்கள். ஆஸ்திரிய மலையில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு கட்டத்தில் ஆட்களை நடத்தி ஏற்றிக் கேபிள் காரில் இறக்கினார்கள். இன்னொரு கட்டத்தில் கேபிள் காரில் ஏற்றி நடத்தி இறக்கினார்கள். ஏறியதில் இரத்தக் கொழுப்பு குறைந்தது. இறங்கியதில் உடம்பு சீனியைக் கையாளும் விதம் நன்றானது. எங்களுக்குக் கேபிள் கார் இல்லை, அதனால் இரண்டு பலனும் சேர்ந்தே கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கம் கடினம் என்பதால் அவர்களுக்கு மட்டம் பார்த்த பாதைதான்.

காசு போகும் வழி

தொண்டர் என்றால் சும்மா செய்ய வேண்டும் என்று சங்கத்தில் மூத்தவர்கள் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சமூக சுகாதாரப் பணியாளர்கள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியே வேலைக்கேற்ற கூலி கொடுக்கச் சொல்கிறது. கூடவே, முழுக்க முழுக்க எண்ணிக்கையைப் பார்த்துக் கூலி கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. கிலோவுக்குக் காசு என்ற கணக்கில் வாழ்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தலைக்கு இவ்வளவு என்றால் வராத ஆளுக்கும் பேர் விழும்.

ஆகவே நடத்துகிறவருக்கு மாதம் 2500 ரூபாய், புத்தகம் எழுதும் பிள்ளைக்கு 1000 ரூபாய். வருஷத்துக்கு 42,000. மாதம் பன்னிரண்டு பதின்மூன்று மாலை என்றால் மாலைக்குக் கிட்டத்தட்ட 200 ரூபாய் வருகிறது. 2024இல் நிர்ணயித்த 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தை எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 170க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அதற்குக் கீழே ஒரு பெண்ணிடம் வேலை வாங்கச் சங்கத்துக்கு என்ன உரிமை? கையில் கட்டும் பிரஷர் மிஷின் ஒன்றுக்கு 10,000 ஒதுக்கலாம். டோர்ச், கொப்பி, பாய், பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு நல்ல பல்ப் எல்லாம் மீதிக்குள் அடங்கும். வலையும் விளக்கும் போட்டிருந்தால் இந்தக் காசு முதல் மாதத்திலேயே முடிந்திருக்கும்.

ஆண்கள் விஷயத்தில்தான் எனக்கு வழி தெரியவில்லை. கும்மிக்கு வரமாட்டார்கள், மாலையானால் அவர்கள் கால் போகும் திசை வேறு. மார்கழியில் மட்டும் விடியற்காலை பஜனையோடு எல்லா லயத்தையும் சுற்றி நடக்கிறார்கள், அதுவும் மேட்டில், செருப்பில்லாமல், பாடிக்கொண்டு. அந்த ஒரு மாத நடையை மற்ற மாதங்களுக்கு எப்படி இழுப்பது? சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கும்போது நல்லதண்ணியிலிருந்து மேலே போகும் ஏறத்தாழ 5500 படியையும் ஏறிக் காட்டுவோம் என்று வாச்சர் மாமா பந்தயம் கட்டத் தயார். அதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே நடக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

மூன்று மாதம் பார்ப்போம் என்று தீர்மானத்தில் எழுதுகிறேன். வாங்கில் எழும் கணக்கு கூடவில்லை என்றாலோ, வந்த அதே எட்டுப் பேரைத் தவிர ஒன்பதாவது ஆள் வரவில்லை என்றாலோ, மீதிக் காசைப் பெரட்டுக்களப் பேச்சுவார்த்தைக்கும் மிஸ்ஸின் மாதாந்தப் பிரஷர் நாளுக்கும் திருப்பலாம். இப்போதைக்குத் தடையாக இருப்பது பிள்ளைக்காம்பராச் சாவி. மாலை ஐந்துக்குப் பிறகு அது ஆபிசில் தொங்குகிறது. கடிதம் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் முதல் வாரம் எங்கள் வீட்டு இஸ்தோப்பில்தான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.